லோகோவில் நிற்கும் பழைய சாம்சங் போன்: ஓடின் எந்த வரியில் நின்றதோ, கோளாறும் அங்கேதான்

பெரியம்மாவின் கேலக்ஸி ஜே7 பிரைம் ஒருநாள் காலையில் 'சாம்சங்' என்ற எழுத்தைக் காட்டியதோடு சரி, அதற்கு மேல் நகரவில்லை. 2016-இல் வந்த மாடல். ஆண்ட்ராய்டு 6-இல் தொடங்கி 8.1 வரை வந்து, அதோடு புது பதிப்புகள் நின்றுபோன போன். தெருமுனைக் கடையில் காட்டியபோது, "சாஃப்ட்வேர் போடணும்மா, உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டார்கள். போனை என்னிடம் கொண்டுவந்தார்.

"படமெல்லாம் போயிடுமாப்பா? உங்க பெரியப்பா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இதுலதான் இருக்கு."

"அழியாம போடவும் வழி இருக்கு பெரியம்மா. முதல்ல அதை முயற்சி பண்றேன். நீங்க இதை இனிமே யார்கிட்டயும் ரீசெட் பண்ணக் கொடுக்காதீங்க."

இதை எழுதுவதே அந்த வழியைச் சொல்லத்தான். கணினியும் நல்ல கேபிளும் இருந்தால் பழைய சாம்சங் போன்களுக்கு வீட்டிலேயே ஃபர்ம்வேரை, அதாவது போனை இயக்கும் அடிப்படை மென்பொருளை, திரும்ப ஏற்றலாம். அதற்கான கணினி நிரலின் பெயர் ஓடின். சிக்கல் என்னவென்றால், பலர் 'ஃபெயில்' என்ற சிவப்புப் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு அதே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள். ஓடின் நிரலின் இடப்பக்கத்தில் வரிவரியாக ஒரு பதிவு ஓடும். போன் திரையின் மேல் மூலையில் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். பதிவு எந்த வரியில் நின்றது, போன் என்ன சொல்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் படித்தால் கோளாறு கேபிளிலா, கோப்பிலா, போனின் நினைவகத்திலா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதல் கேள்வி: இது சாஃப்ட்வேர் கோளாறுதானா?

லோகோவில் நிற்கும் போனெல்லாம் ஃபர்ம்வேர் கெட்ட போன் இல்லை. ஃப்ளாஷ் செய்வதற்கு, அதாவது ஃபர்ம்வேரை ஏற்றுவதற்கு, முன் ஒரு சின்னச் சோதனை. போனை அணைத்துவிட்டு, வால்யூம் குறைக்கும் பட்டன், ஹோம் பட்டன், பவர் பட்டன் மூன்றையும் ஒன்றாக அழுத்திப் பிடியுங்கள். எச்சரிக்கைத் திரை வந்ததும் வால்யூம் கூட்டும் பட்டனை அழுத்தினால் டவுன்லோடு மோட் வரும். கணினியிலிருந்து ஃபர்ம்வேரை வாங்கிக்கொள்ளப் போன் காத்திருக்கும் நிலை அது. எஸ்8, நோட் 8 போன்றவற்றில் ஹோம் பட்டன் கிடையாது. அதற்குப் பதில் பிக்ஸ்பி பட்டன். அதுவும் இல்லாத மாடல்கள் பலவற்றில், அணைத்த போனின் இரண்டு வால்யூம் பட்டன்களையும் பிடித்தபடி கணினியோடு இணைந்த கேபிளைச் செருக வேண்டும்.

அந்தத் திரையில் போனை ஐந்து நிமிடம் தொடாமல் வையுங்கள். ஆண்ட்ராய்டு இன்னும் தொடங்கவே இல்லாத நிலை இது. இங்கேயும் போன் சில விநாடிக்கு ஒருமுறை தானாக அணைந்து எழுந்தால் ஃபர்ம்வேரைக் குறை சொல்ல முடியாது. பவர் பட்டன் உள்ளே சிக்கியிருக்கலாம். எண்ணெய், வியர்வை, தூசி எல்லாம் சேர்ந்து பட்டன் பாதி அழுந்திய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். போன் அதை யாரோ பவரை அழுத்திப் பிடிப்பதாக நினைத்து மறுபடி மறுபடி தொடங்கும். இந்த நிலையில் எத்தனை முறை ஃப்ளாஷ் செய்தாலும் பலன் இருக்காது, ஏற்றும்போது நடுவில் அணைந்தால் இருப்பதும் கெடும்.

இன்னொன்று பேட்டரி. வயதான பேட்டரியிலும் போதுமான சதவீதம் இருப்பதாகப் போன் காட்டலாம். ஆனால் போன் தொடங்கும்போது தேவைப்படும் மின்சாரத்தைத் தர முடியாமல் லோகோவிலேயே விழும். சார்ஜரில் செருகியபடி தொடங்கினால் உள்ளே போகிறது, கழற்றினால் விழுகிறது என்றால் மாற்ற வேண்டியது பேட்டரியை. ஜே7 2016 போல முதுகைக் கழற்றும் மாடல் என்றால் இன்னொரு பேட்டரியைப் போட்டுப் பார்த்துவிடலாம். பேட்டரி உப்பியிருந்தால் அந்தப் போனில் எந்த வேலையும் தொடங்க வேண்டாம்.

இரண்டும் சரியாக இருந்தால் அடுத்து ரிக்கவரி, அதாவது ஆண்ட்ராய்டு தொடங்காமலேயே வரும் பராமரிப்பு மெனு. வால்யூம் கூட்டும் பட்டன், ஹோம், பவர் மூன்றையும் பிடித்தால் ரிக்கவரி மெனு வரும். அதில் தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் 'வைப் கேச் பார்ட்டிஷன்' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். இது படங்களையோ செய்திகளையோ தொடாது. அப்டேட் பாதியில் குழம்பிய போன்களில் சில இதிலேயே எழுந்துவிடும். அதற்கு அருகிலேயே இருக்கும் 'வைப் டேட்டா, ஃபேக்டரி ரீசெட்' உள்ளே இருக்கும் அனைத்தையும் அழித்துவிடும். தரவு வேண்டுமென்றால் அந்த வரியில் நிற்கும்போது பவர் பட்டனைத் தொடவே கூடாது.

பெரியம்மாவின் போன் டவுன்லோடு மோடில் அசையாமல் நின்றது. கேச் அழித்தும் எழவில்லை. ஆகவே ஃபர்ம்வேர்தான் என்று முடிவுக்கு வந்தேன்.

ஏற்றும் முன் கையில் இருக்க வேண்டியவை

மாடல் எண்ணை டவுன்லோடு திரையிலிருந்தே எடுங்கள். 'புராடக்ட் நேம்' என்ற வரியில் எஸ்எம்-ஜி610எஃப் என்பதுபோல் இருக்கும். முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய போன்களில் போர்டு ஒன்றாகவும் உடல் வேறாகவும் இருப்பதுண்டு. கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். ஜே710எஃப் வேறு, ஜே710ஜிஎன் வேறு.

அதே திரையில் 'ஏபி எஸ்டபிள்யூ ரெவ்' என்ற வரியில் பி என்ற எழுத்துக்கு அருகே ஓர் எண் இருக்கும். அது பூட்லோடரின், அதாவது போனை முதலில் எழுப்பும் நிரலின், எண். ஃபர்ம்வேர் பதிப்பின் பெயரிலும் இந்த எண் ஒளிந்திருக்கிறது. பெயர் யூ-1-சி-எஸ்-எல்-1 என்று முடிகிறது என்று வையுங்கள். பின்னாலிருந்து எண்ணினால் ஐந்தாவது இடத்தில் உள்ள 1 பூட்லோடர் எண். எஸ் என்பது 2019-ஐயும் எல் என்பது டிசம்பரையும் குறிக்கும். மாதங்கள் ஏ முதல் எல் வரை பன்னிரண்டு எழுத்துகள். ஆண்டுக்கான இடத்தில் டி (T) இருந்தால் 2020. இந்த ஐந்தாவது எண் போனில் உள்ளதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அந்தக் கோப்பை இறக்குவதே வீண்.

கோப்புகள் நான்காக வரும்: பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி. பிஎல் பூட்லோடர், ஏபி ஆண்ட்ராய்டு, சிபி நெட்வொர்க்குக்கான மோடம், சிஎஸ்சி நாட்டுக்கான அமைப்பு. இந்தியாவில் விற்ற பல மாடல்களுக்கு ஐஎன்எஸ், ஐஎன்யூ ஆகிய குறியீடுகள். இந்த நான்கோடு ஐந்தாவதாக 'ஹோம் சிஎஸ்சி' என்று ஒரு கோப்பு இருக்கும். கடைக்காரர் "அழிஞ்சிடும்" என்றாரே, அதற்கான விடை இதில்தான் இருக்கிறது. ஓடினின் சிஎஸ்சி பெட்டியில் சாதாரண சிஎஸ்சி கோப்பைப் போட்டால் உள்ளே உள்ளதை அழித்துவிட்டு ஏற்றும். ஹோம் சிஎஸ்சி கோப்பைப் போட்டால் தரவுப் பகுதியைத் தொடாமல் மற்றதை மட்டும் ஏற்றும். ஒரே பெட்டிதான், எதைப் போடுகிறோம் என்பதுதான் வித்தியாசம். கிராண்ட் பிரைம் காலத்துப் பழைய போன்களில் சிலவற்றுக்கு ஒரே கோப்பாக வரும். அதை ஏபி பெட்டியில் போட வேண்டும். பழைய ஓடினில் அந்தப் பெட்டியின் பெயர் பிடிஏ.

ஓடின் சாம்சங் பொதுமக்களுக்கென்று வெளியிட்ட நிரல் இல்லை. அவர்களுடைய உள்வேலைக்கான நிரல் வெளியே வந்து பரவியது. ஆகவே அதைக் கண்ட இடத்தில் இறக்கி, 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்' என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள். எட்டு ஒன்பது ஆண்டுப் பழைய ஜே வரிசைக்கு 3.12 அல்லது 3.13 பதிப்பு போதும். ஃபர்ம்வேர் கோப்பின் உள்ளே எல்இசட்4 என்று முடியும் கோப்புகள் இருந்தால் 3.13.1-க்குக் குறையக் கூடாது. பழைய பதிப்புக்கு அந்தச் சுருக்க முறையைப் படிக்கத் தெரியாது. ஓடினின் இந்தப் பதிப்புகள் விண்டோஸில்தான் ஓடும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஹைம்டால் என்ற வேறொரு நிரல் இருக்கிறது, ஆனால் அதன் நடைமுறை வேறு.

சாம்சங்கின் யூஎஸ்பி டிரைவரை நிறுவிவிட்டுக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். டவுன்லோடு மோடில் பல போன்களுக்குச் சார்ஜ் ஏறாது. சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வையுங்கள். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். கரண்ட் எப்போது போகும் என்று நமக்குத் தெரியாது.

கடைசியாக, போனின் சொந்தக்காரரிடம் ஜிமெயில் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்டு எழுதி வையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அறிகுறி: கேபிளைச் செருகியும் ஓடினில் நீலப் பெட்டி வரவில்லை

போன் டவுன்லோடு மோடில் இருக்கும்போது செருகினால், ஓடினின் மேல்வரிசையில் 'ஐடி காம்' என்ற பெட்டி நீலமாகி ஒரு போர்ட் எண் தெரியும். பதிவில் 'ஆடட்' என்று ஒரு வரி விழும். அது வரும்வரை ஸ்டார்ட் பட்டனைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

முதல் சந்தேகம் கேபிள். பவர் பேங்கோடு வரும் பல கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டும்தான் இருக்கும், தரவுக்கான கம்பியே இருக்காது. வேறு நல்ல போன் ஒன்றை அதே கேபிளில் இணைத்து, கணினியில் அதன் படங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் கேபிள் சரி.

அடுத்து போர்ட். யூஎஸ்பி ஹப் வேண்டாம், டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்டும் வேண்டாம்; பின்பக்கம் நேராக மதர்போர்டில் உள்ளதில் செருகுங்கள். உள்ளே நீலமாக இருப்பது யூஎஸ்பி 3 போர்ட். பழைய சாம்சங்குகள் சில அதில் தகராறு செய்யும். கறுப்பு போர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

கணினி ஓசை எழுப்புகிறது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு ஏதோ தெரிகிறது, ஆனால் நீலப் பெட்டி வரவில்லை என்றால் டிரைவர்தான். நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். சாம்சங்கின் கணினி நிரல்களான கீஸ் அல்லது ஸ்மார்ட் ஸ்விட்ச் பின்னணியில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அவை ஓடினோடு அதே போர்ட்டுக்குப் போட்டி போடும். டாஸ்க் மேனேஜரில் போய் முழுதாக மூடிவிட வேண்டும்.

அறிகுறி: கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் ஓடின் உறைந்துபோகிறது, அல்லது எம்டி5 தவறு என்கிறது

ஏபி கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் நிரல் சில நிமிடம் அசையாது. கெட்டுவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். 2 ஜிபியைத் தாண்டும் கோப்பு முழுவதையும் படித்து, அது சிதையாமல் இருக்கிறதா என்று காட்டும் எம்டி5 கணக்கைச் சரிபார்க்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் பத்து நிமிடம்கூட ஆகும்.

சரிபார்த்த பிறகு 'ஹாஷ் வேல்யூ இன்வேலிட்' என்று வந்தால் இறக்கிய கோப்பு சிதைந்திருக்கிறது. கோப்பின் பெயரில் கடைசியில் உள்ள எம்டி5 என்பதை நீக்கிவிட்டால் ஓடின் சரிபார்க்காமல் ஏற்றும் என்று ஒரு குறுக்குவழியைப் பலர் சொல்வார்கள். அது உண்மையும்கூட. ஆனால் உடைந்த கோப்பு உடைந்ததாகவே உள்ளே போகும். பூட்லோடர் கோப்பே உடைந்ததாக இருந்தால் டவுன்லோடு மோடும் வராமல் போகலாம். இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மறுபடி இறக்குவதுதான் வழி. ஜிப்பைப் பிரிக்கும்போது டிஸ்கில் இடம் போதாமல் பாதியில் நின்றிருந்தாலும் இதே செய்திதான் வரும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: 'செட்டப் கனெக்ஷன்' என்ற வரியில் நிற்கிறது

நீலப் பெட்டி வந்தது, ஸ்டார்ட் அழுத்தியாயிற்று, இந்த வரியில் ஐந்து நிமிடமாக நிற்கிறது. அல்லது 'சீரியல் போர்ட்டைத் திறக்க முடியவில்லை' என்கிறது. இந்த நிலையில் போனுக்குள் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை. பயமில்லாமல் கேபிளைக் கழற்றலாம்.

ஆனால் கழற்றிச் செருகினால் மட்டும் போதாது. ஒருமுறை இணைப்பு தோற்ற பிறகு போன் அந்த டவுன்லோடு மோடில் மறுபடி கைகொடுப்பது அரிது. வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவரையும் பத்து விநாடி பிடித்து வெளியே வந்து, புதிதாக டவுன்லோடு மோடுக்குப் போங்கள். ஓடினையும் மூடித் திறந்து, நிர்வாகி அனுமதியோடு இயக்குங்கள். வேறு போர்ட்டில் செருகுங்கள்.

பெரியம்மாவின் போன் இங்கேதான் மூன்று முறை நின்றது. கேபிள் மாற்றினேன், போர்ட் மாற்றினேன். நான்காவது முறை 'செட்டப் கனெக்ஷன்' தாண்டி, எழுதும்போது நின்றது. கேபிளின் முனையைத் தொட்டால் லேசாக ஆடியது. டார்ச் அடித்து சார்ஜிங் வாயைப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ தட்டையாக இறுகியிருந்தது. போனை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தும் குச்சியால் ஓரமாக மெதுவாக நெம்பினேன். உளுந்தம் பருப்பு அளவுக்கு ஒரு பஞ்சு வந்தது. கைப்பையின் துணித்தூசி, ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு முறை சார்ஜரைச் செருகும்போதும் உள்ளே அழுத்தப்பட்டு அடைபோல் ஆகியிருந்தது. அது போனதும் கேபிள் 'டக்' என்று முழுதாக உள்ளே இறங்கி, ஆடாமல் நின்றது. சார்ஜ் ஏறுவதற்கு அந்த அரைகுறைத் தொடர்பு போதுமாக இருந்திருக்கிறது, தரவுக்குப் போதவில்லை. இரும்பு ஊசியால் இதைச் செய்யாதீர்கள், நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு உடைந்துவிடும்.

அறிகுறி: 'கெட் பிட் ஃபார் மேப்பிங்' வரியில் நிற்கிறது, அல்லது பிட் பார்ட்டிஷன் இல்லை என்கிறது

பிட் என்பது நினைவகத்தில் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் வரைபடம். ஓடின் அதைப் போனிடம் கேட்கிறது. போனால் படித்துச் சொல்ல முடியவில்லை.

முதலில் மேலே சொன்ன கேபிள், போர்ட் வேலைகளைச் செய்யுங்கள். பாதிப் போன்கள் அதிலேயே தீரும். அப்படியும் நின்றால் போன் திரையைப் பாருங்கள். 'எம்எம்சி ரீட் ஃபெயில்' என்ற வரி இருந்தால் கணினியால் ஆகக்கூடியது குறைவு. நினைவகச் சிப் பேச மறுக்கிறது. 2014-இல் வந்த நோட் 4 வைத்திருந்தவர்களில் பலருக்கு இந்த வரி நன்றாகப் பழக்கம். சிப்பை மாற்றத் தெரிந்த, நுண்ணோக்கி வைத்து வேலைசெய்யும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். முக்கியமான தரவு இருக்கிறது என்றால் சிப்பை மாற்றுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

பிட் கோப்பைத் தனியாக இறக்கி, 'ரீ-பார்ட்டிஷன்' பெட்டியில் டிக் போட்டு ஏற்றச் சொல்லும் அறிவுரைகள் நிறைய உண்டு. அது நினைவகத்தின் எல்லைக்கோடுகளையே திரும்பப் போடுவது. ஒரே மாடலில் 16 ஜிபி, 32 ஜிபி இரண்டுக்கும் வரைபடம் வேறு வேறு. தரவு வேண்டாம், வேறு வழியும் இல்லை என்ற நிலையில் மட்டுமே அதைத் தொடுங்கள். 'நாண்ட் இரேஸ்' பெட்டியை எந்த நிலையிலும் தொடாதீர்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ இருக்கும் பகுதியும் அதில் போய்விடலாம். ஓடின் திறக்கும்போதே 'ஆட்டோ ரீபூட்', 'எஃப் ரீசெட் டைம்' என்ற இரண்டில் மட்டும் டிக் இருக்கும். அதை அப்படியே விட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

அறிகுறி: முதல் கோப்பிலேயே ஃபெயில்

'நாண்ட் ரைட் ஸ்டார்ட்' என்று வந்து, எஸ்பூட் என்ற முதல் கோப்பிலேயே சிவப்பு. இப்போது கணினியை விட்டுவிட்டுப் போன் திரையின் மேல் இடது மூலையைப் பாருங்கள். கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவு பொடி எழுத்து.

'எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில்' என்று தொடங்கி, டிவைஸ் 3, பைனரி 2 என்பதுபோல் இருந்தால், அல்லது ஃப்யூஸ்டு 3, பைனரி 2 என்று இருந்தால், நீங்கள் ஏற்ற முயல்வது போனில் உள்ளதைவிடப் பழைய பூட்லோடர். அந்த எண் செயலிச் சிப்பிலேயே பொறிக்கப்பட்டுவிட்டது. பின்னால் போக வழியில்லை. ஐந்தாவது எண் 3 அல்லது அதற்கு மேல் உள்ள பதிப்பை இறக்குங்கள்.

'எஃப்ஆர்பி லாக்' (கூகுள் கணக்கோடு கட்டிய பூட்டு) என்ற சொல் தெரிந்தால், ஏற்றும் கோப்பு சாம்சங்கின் கையொப்பம் இல்லாதது. யாரோ மாற்றிக் கட்டிய ஃபர்ம்வேர் அல்லது தனி ரிக்கவரி கோப்பு. அதிகாரபூர்வக் கோப்புக்கு இந்தத் தடை வராது.

எண்களும் சரி, கோப்பும் சரி, ஆனால் 'ஆத்' என்ற சொல்லோடு ஃபெயில் என்றால், மாடலின் கடைசி எழுத்தை மறுபடி சரிபாருங்கள்.

அறிகுறி: பாதியில் நின்றது, இப்போது போனில் வேறு ஏதோ திரை

சிஸ்டம் என்ற கோப்புதான் எல்லாவற்றிலும் பெரியது. பெரும்பாலான போன்கள் இதில்தான் நடுவழியில் நிற்கும், ஏனென்றால் கேபிள் அசைய அதிக நேரம் கிடைப்பது இங்கேதான். நின்ற பிறகு போனைத் தொடங்கினால் ஃபர்ம்வேர் மேம்பாட்டில் சிக்கல் ஏற்பட்டது, கீஸில் ரிக்கவரியைத் தேர்ந்தெடுக்கவும் என்ற திரை வரும். சற்றுப் புதிய போன்களில் ஸ்மார்ட் ஸ்விட்சின் அவசர மீட்பைப் பயன்படுத்தச் சொல்லும்.

அந்தத் திரையைப் பார்த்துப் பலர் போன் செத்துவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். அது உண்மையில் டவுன்லோடு மோடின் இன்னொரு முகம். கேபிளைச் செருகினால் ஓடினில் நீலப் பெட்டி வரும். கேபிளையும் போர்ட்டையும் மாற்றி, நான்கு கோப்புகளையும் முதலிலிருந்து ஏற்றுங்கள்.

ஒவ்வொரு முறையும் அதே கோப்பில், ஏறக்குறைய அதே இடத்தில் நின்றால் கேபிளைச் சந்தேகிப்பதை நிறுத்தலாம். கேபிள் கோளாறு இடம் மாறி மாறி வரும். நினைவகத்தில் ஒரு பகுதி கெட்டிருந்தால் அதே இடத்தில் விழும்.

'ஹிடன்' என்ற கோப்பில் மட்டும் ஃபெயில் ஆகிறதா? வேறு நாட்டு ஃபர்ம்வேரை ஏற்றுகிறீர்கள் என்று பொருள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த போன்களில் இது சகஜம். போன் எந்த நாட்டுக்கு விற்கப்பட்டதோ அந்த நாட்டுக் குறியீடு உள்ள முழுத் தொகுப்பை எடுங்கள்.

அறிகுறி: பச்சையில் 'பாஸ்' வந்தது, ஆனாலும் லோகோவில் நிற்கிறது

முதலில் பொறுமை. ஏற்றியபின் முதல்முறை தொடங்க ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். பழைய போனில் அதற்கு மேலும் ஆகலாம். இருபது நிமிடம் தாண்டியும் நின்றால் ரிக்கவரிக்குப் போய்க் கேச்சை மறுபடி அழியுங்கள்.

அதன் பிறகும் நின்றால் தரவுப் பகுதியே கெட்டிருக்கிறது, அல்லது அதில் உள்ள பழைய அமைப்புகள் புது பதிப்போடு ஒத்துப்போகவில்லை. போனில் இருந்த அதே பதிப்பை ஹோம் சிஎஸ்சியோடு ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். தரவோடு மீட்க அதுதான் கடைசி வாய்ப்பு. அதுவும் ஆகவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட் அல்லது சாதாரண சிஎஸ்சி. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் போனின் சொந்தக்காரர். "போன் வேணுமா, படம் வேணுமா" என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். படம்தான் வேண்டும் என்றால் போனை அணைத்து அப்படியே வைத்துவிட்டு, தரவு மீட்பவர்களிடம் கொண்டுபோகலாம். ரீசெட் செய்த பிறகு அந்த வழி அடைந்துவிடும்.

அறிகுறி: போன் எழுந்தது, ஆனால் பழைய கூகுள் கணக்கைக் கேட்கிறது

ஆண்ட்ராய்டு 5.1 முதல் வந்த பாதுகாப்பு இது. ரிக்கவரி வழியாகவோ சாதாரண சிஎஸ்சி வழியாகவோ அழித்த போன், முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். திருட்டுப் போன் விலைபோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. நம் வீடுகளில் இது வேறுவிதமாக வந்து அடிக்கும். போன் வாங்கிய அன்று கடைக்காரரே ஒரு ஜிமெயிலை உருவாக்கிக் கொடுத்திருப்பார். கடவுச்சொல் பில்லின் பின்புறம் எழுதப்பட்டு, அந்தப் பில் எப்போதோ போயிருக்கும். முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். கணக்கில் கொடுத்த கைபேசி எண் இன்னும் அவரிடம் இருந்தால், சிம்மை வேறு போனில் போட்டுக் கடவுச்சொல்லை மீட்கலாம். பில் இருந்தால் சேவை மையத்தில் காட்டலாம். ஹோம் சிஎஸ்சி போட்டு எதுவும் அழியாமல் எழுந்த போனில் இந்தக் கேள்வி வராது.

அறிகுறி: எல்லாம் சரி, சிக்னல் மட்டும் இல்லை

நட்சத்திரம், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் அழுத்திப் பாருங்கள். ஐஎம்இஐ எண் பெட்டியில் உள்ளதோடு பொருந்தினால் சிபி கோப்பு சரியாக ஏறவில்லை. நான்கையும் ஒரே பதிப்பிலிருந்து எடுத்து மறுபடி ஏற்றினால் வந்துவிடும். எண்ணே தெரியவில்லை, அல்லது ரிக்கவரியில் 'இஎஃப்எஸ் மவுண்ட் ஆகவில்லை' என்ற வரி இருக்கிறது என்றால் ஐஎம்இஐ இருக்கும் பகுதி கெட்டிருக்கிறது. அதை ஓடின் சரிசெய்யாது. "வேற நம்பர் எழுதித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐஎம்இஐயை மாற்றுவது இந்தியாவில் குற்றம். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சேவை மையத்துக்கே போங்கள்.

பெரியம்மாவின் போன் ஐந்தாவது முறை பச்சை காட்டியது. ஹோம் சிஎஸ்சிதான். லோகோவில் எட்டு நிமிடம் நின்றது. அந்த எட்டு நிமிடமும் அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பூட்டுத்திரையில் பேரன் படம் வந்ததும், சிம்மைப் போடுவதற்கு முன்பே கேபிளை மறுபடி செருகி, வாட்ஸ்அப் கோப்புறையையும் படங்களையும் கணினிக்கு இழுத்துப் போட்டேன். 11 ஜிபி. அது முடிய முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு ஒரு பென் டிரைவில் இன்னொரு நகல் எடுத்து, அதன் மேல் 'பெரியப்பா குரல்' என்று எழுதி ஒட்டிக் கொடுத்தேன்.